சிங்கப்பூர்ல ஸ்டூடண்ட் பாஸ்ல (படிக்க வர்றவங்களுக்கு குடுக்குற அனுமதி) இருந்துட்டு வேலை பாக்கணுமா, இத படிச்சிட்டு போங்க

ஊர்ல இருந்து பிஎச்டிக்கு வர்ற தம்பிங்க தேக்கால (லிட்டில் இந்தியா) சாப்பிடும்போது கேக்குற முதல் கேள்வி, "அண்ணே பார்ட் டைம் பாக்கலாமா?" பாக்கலாம், ஆனா முதல்ல உங்க காலேஜ் எம்ஓஎம் (மனிதவள அமைச்சு) லிஸ்ட்ல இருக்கான்னு பாருங்க. என்யூஎஸ், என்டியூ, எஸ்எம்யூ எல்லாம் இருக்கு, அங்க ஃபுல் டைமா படிச்சா தனியா வொர்க் பாஸ் எடுக்காமலே வேலை செய்யலாம். லிஸ்ட்ல இல்லாத தனியார் காலேஜ்னா லீவுல கூட கூடாது, ஏஜென்ட் என்ன சத்தியம் பண்ணாலும் சரி.

டேர்ம் நடக்கும்போது வாரத்துக்கு 16 மணி நேரம், அவ்ளோதான். லேப்ல 10, கடையில 8னு போட்டா 18 ஆயிடும், கடைக்காரருக்கு லேப் கணக்கு தெரியாது, நீங்கதான் எழுதி வச்சுக்கணும். லீவுல இந்த 16 கிடையாது, ஆனா பிஎச்டிக்கு எது லீவுன்னு டிபார்ட்மென்ட்ல கேட்டுக்கோங்க. பாஸ் இல்லாம வேலை பாத்து மாட்டினா 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும் ஃபைன், 2 வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேத்தும் குடுக்கலாம்.

உண்மையான தலைவலி தீசிஸ் முடிச்சப்புறம் தான். ரிசர்ச் ஃபெலோ வேலைக்கு பெரும்பாலும் இபி (எம்ப்ளாய்மென்ட் பாஸ், வேலைக்கான அனுமதி) வேணும், அதுக்கு நீங்களா அப்ளை பண்ண முடியாது, யூனிவர்சிட்டி தான் பண்ணணும். 2025 ஜனவரில இருந்து குறைஞ்ச சம்பளம் 5,600 வெள்ளி, அதுவும் சின்ன வயசுக்காரங்களுக்கு, வயசு ஏற ஏற அதுவும் ஏறும், முப்பத தாண்டிதான் பிஎச்டி முடிக்கிறோம் நாம! அது போக கம்பாஸ்ல (இபிக்கு எம்ஓஎம் போடுற மார்க்) 40 பாயின்ட் வேணும், சம்பளம், டிகிரி, அந்த இடத்துல நம்ம நாட்டுக்காரங்க எத்தன பேரு, உள்ளூர்காரங்க எத்தன பேருன்னு நாலு விஷயம் பாப்பாங்க. இந்தியாக்காரங்க நெறைய இருக்குற இடம்னா மூணாவதுல அடி விழும். எம்ஓஎம் சைட்லயே செல்ஃப் அசெஸ்மென்ட் டூல் இருக்கு, ஆஃபர்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே தட்டிப் பாருங்க.

எனக்கு நடந்தத சொல்றேன். ப்ரொஃபசர் "திங்கக்கிழமையே வந்துடு"ன்னாரு, நானும் ரூம மாத்திட்டேன், அப்புறம் பாத்தா மைகரியர்ஸ்ஃபியூச்சர்ங்கற அரசாங்க வேலை சைட்ல அந்த வேலைக்கு விளம்பரமே போடல, அது 14 நாளாவது ஓடுனாதான் இபிக்கே அப்ளை பண்ண முடியும். ஸ்டூடண்ட் பாஸும் முடிஞ்சிடுச்சு, ஃப்ரெண்டு ரூம்ல பாய் போட்டு படுத்துக்கிட்டு, சும்மா வந்து டேட்டா பாரேன்னு கூப்பிட்ட லேப் பசங்ககிட்ட முடியாதுன்னு சொல்லிட்டே ரெண்டு மாசம் ஓடிச்சு. ப்ரொஃபசர் நல்ல மனுஷன், ஆனா பாஸ் விஷயம் அவருக்கு ஒண்ணும் தெரியாது. ஹெச்ஆருக்கு மெயில் போட்டு விளம்பரம் என்னைக்கு போட்டீங்க, இபி என்னைக்கு சப்மிட் பண்ணீங்கன்னு ரெண்டு தேதிய மட்டும் கேட்டு வாங்கிடுங்க, அதுக்கப்புறம் வீட்டு ஓனர்கிட்ட பேசலாம்.