௲௯௱௪௰௭ எவ்வளவு? பைதானில் ஒரு தமிழ் எண் மாற்றி

பைனரி, ஹெக்ஸாடெசிமல் மாற்றி எழுதும் விளக்கங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. பைதானில் அது ஒரே வரி வேலையும்கூட. அதனால் கொஞ்சம் யோசிக்க வைக்கிற ஒன்றை எடுப்போம்: பழைய தமிழ் எண்முறை. டெர்மினலில் 1947 என்று கொடுத்தால் ௲௯௱௪௰௭ வர வேண்டும், அதைத் திருப்பிக் கொடுத்தால் 1947 வர வேண்டும். பைதான் 3 இருந்தால் போதும். லூப், பங்ஷன் இரண்டும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும்.

படிகளைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். அவற்றைப் பைதான் வரிகளாக்குவது உங்கள் வேலை. காப்பி பேஸ்ட் செய்ய ஏதாவது கிடைக்கும் என்று வந்தவர்கள் மன்னிக்கவும்.

முதல் படி: முறையைப் புரிந்துகொள்வது

1-ஐ ௧ என்றும் 2-ஐ ௨ என்றும் மாற்றினால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் 345 என்பது ௩௪௫ ஆகும். இது இன்றைய இடமதிப்பு முறைக்குத் தமிழ் உருவம் கொடுப்பது மட்டும்தான். பழைய முறையில் அதே எண் ௩௱௪௰௫. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் உண்டு. எத்தனை நூறு, எத்தனை பத்து என்பதைக் குறிக்கு முன்னால் எழுத வேண்டும். ஒன்று மட்டும் விதிவிலக்கு: நூறு என்றால் வெறும் ௱, ௧௱ அல்ல. காலி இடத்துக்கு எதுவும் எழுதத் தேவையில்லை என்பதால் பூஜ்யமும் வேண்டாம். 2024 என்பது ௨௲௨௰௪. நூறு இல்லை, அதனால் ௱ இல்லை, அவ்வளவுதான். கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யுனிகோடிலும் ௦ பின்னால்தான் வந்தது, 2005-இல் வெளியான 4.1 பதிப்பில்.

இரண்டாம் படி: எண்ணிலிருந்து தமிழுக்கு

"௦௧௨௩௪௫௬௭௮௯" என்று ஒரு சரத்தை (ஸ்ட்ரிங்) வைத்துக்கொள்ளுங்கள். அதில் 5-ஆம் இடத்தை எடுத்தால் ௫ கிடைக்கும். அப்புறம் பங்ஷன்:

தமிழாக்கு(எண்):
  விடை = காலிச் சரம்
  1000 ௲, 100 ௱, 10 ௰ என்ற வரிசையில் ஒவ்வொன்றுக்கும்:
    மடங்கு = எண்ணை மதிப்பால் வகுத்த ஈவு
    எண் = மீதி
    மடங்கு 1 என்றால் குறியை மட்டும் சேர்
    1-ஐ விடப் பெரிது என்றால் தமிழாக்கு(மடங்கு), அடுத்துக் குறி
  எண்ணில் மிச்சம் இருந்தால் அதன் இலக்கத்தைச் சேர்
  விடையைத் திருப்பிக் கொடு

பங்ஷன் தன்னையே அழைப்பதைக் கவனியுங்கள். 3,45,006 வந்தால் ஆயிரத்தின் மடங்கு 345. அதையும் இதே பங்ஷன் ௩௱௪௰௫ ஆக்கிவிடும். முழு விடை ௩௱௪௰௫௲௬. ஈவையும் மீதியையும் ஒரே வீச்சில் தர பைதானில் டிவ்மாட் இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள்.

எல்லை 9,99,999. அதற்கு மேல் போனால் நம் பங்ஷன் பத்து லட்சத்துக்கு ௲௲ என்று உளறும். பழைய முறையில் அது ௰௱௲, அதாவது பத்து நூறாயிரம். அதற்குத் தனி விதி எழுத வேண்டும், இப்போதைக்கு விட்டுவிடுவோம். 0 கொடுத்தால் ௦ காட்டிவிட்டு நகரலாம்.

மூன்றாம் படி: தமிழிலிருந்து எண்ணுக்கு

இங்கேதான் சுவாரசியம். மூன்று மாறிகள்: மொத்தம், பகுதி, இலக்கம். மூன்றும் 0. எழுத்துகளை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போக வேண்டும்.

  ௧ முதல் ௯ வரை வந்தால்: இலக்கம் = அதன் மதிப்பு
  ௰ அல்லது ௱ வந்தால்: இலக்கத்தைக் குறியின் மதிப்பால் பெருக்கிப் பகுதியில் கூட்டு (இலக்கம் 0 என்றால் 1 என்று கொள்), பிறகு இலக்கம் = 0
  ௲ வந்தால்: பகுதி + இலக்கம் எவ்வளவோ அதை ஆயிரத்தால் பெருக்கி மொத்தத்தில் கூட்டு (0 என்றால் 1 என்று கொள்), பிறகு பகுதி, இலக்கம் இரண்டும் 0
  கடைசியில்: மொத்தம் + பகுதி + இலக்கம்

௩௱௪௰௫௲௬ கொடுத்துப் பார்ப்போம். ௩௱ முடிந்ததும் பகுதி 300. ௪௰ முடிந்ததும் 340. ௫ இலக்கத்தில் நிற்கிறது. ௲ வந்ததும் 345 ஆயிரத்தால் பெருக்கப்பட்டு மொத்தத்துக்குப் போகிறது. கடைசி ௬ சேர்ந்து 3,45,006.

சரி, யாராவது ௰௱ என்று கொடுத்தால்? இந்தப் பங்ஷன் கூச்சமே இல்லாமல் 110 என்று சொல்லும். தவறான வரிசைகளைப் பிடிக்க விதி மேல் விதி எழுத வேண்டாம். கிடைத்த 110-ஐ மறுபடி தமிழாக்குங்கள். ௱௰ வருகிறது. கொடுத்ததும் வந்ததும் வேறு, ஆகவே பிழை. இந்த ஒரே ஒப்பீடு ௧௰, ௫௫௱ போன்றவற்றையும் தடுத்துவிடும்.

நான்காம் படி: கட்டளைவரி

சிஸ் மாட்யூலில் உள்ள ஆர்க்வி பட்டியலில் 0-ஆம் இடத்தில் கோப்பின் பெயரும் 1-ஆம் இடத்தில் பயனர் கொடுத்ததும் இருக்கும். எதுவும் கொடுக்கவில்லை என்றால் எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு வரி காட்டி வெளியேறுங்கள். கொடுத்ததில் ௰ ௱ ௲ ஏதாவது இருந்தால் மூன்றாம் படிக்கு அனுப்புங்கள். இல்லாவிட்டால் சரத்தை எண்ணாக்கும் பைதானின் இன்ட் பார்த்துக்கொள்ளும். அது 345-ஐ மட்டுமல்ல, ௩௪௫-ஐயும் 345 என்றே படிக்கும். ௰-ஐ மட்டும் ஏற்காமல் வேல்யூ எரர் தரும், ஏனென்றால் யுனிகோடில் அது இலக்கமாக வகைப்படுத்தப்படவில்லை. இன்ட் தந்த எண்ணை இரண்டாம் படிக்கு அனுப்பினால் ௩௪௫ கொடுத்தவருக்கும் ௩௱௪௰௫ கிடைக்கும். பிழைச் செய்திகளை அவற்றுக்கென்றே உள்ள தனி வெளியீடான ஸ்டாண்டர்ட் எரருக்கு அனுப்பி, வெளியேறும் எண்ணை 1 ஆக்குங்கள். வேறு ஸ்கிரிப்டில் இந்தக் கருவியைச் சேர்க்கும்போது அது உதவும்.

பயனர்கள் ௧-க்குப் பதில் க என்று தட்டுவார்கள், இது நிச்சயம். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் யுனிகோடில் க 2965, ௧ 3047. அதனால் படிப்பதற்கு முன்பே க, உ, எ, அ, ய ஆகியவற்றை முறையே ௧, ௨, ௭, ௮, ௰ ஆக மாற்றிவிடுங்கள். திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் உங்கள் நிரலைச் சந்தேகிக்காதீர்கள், டெர்மினலின் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள்.

ஐந்தாம் படி: சோதனை

1 முதல் 9,99,999 வரை ஒரு லூப். ஒவ்வொன்றையும் தமிழாக்கி, திரும்ப எண்ணாக்கி, பழைய எண்ணே வருகிறதா என்று பாருங்கள். சாதாரண லேப்டாப்பில் சில நொடிகளில் முடிந்துவிடும். ஏதாவது எண்ணில் நின்றால் முதலில் 10, 100, 1000 ஆகியவற்றைச் சோதியுங்கள். பெரும்பாலும் அந்த "0 என்றால் 1" விதியைத்தான் எங்காவது விட்டிருப்பீர்கள்.