ஏற்காட்டு வீட்டில் பறவைப் படம்: தீனி வேண்டாம், தண்ணீர் வையுங்கள்

வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு ஏற்காட்டில் குடியேறுபவர்கள் பலர், குளிர்நாட்டில் பழகியபடியே தோட்டத்தில் தீனிக்கூண்டு தொங்கவிட்டு, சூரியகாந்தி விதை போட்டு, கேமராவோடு காத்திருக்கிறார்கள். வருவது குரங்கும் எலியும்தான். அங்கே பனிக்காலத்தில் இரைக்குத் தட்டுப்பாடு. அதனால் விதைக்குப் பறவை வரும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பூச்சியும் அத்திப்பழமும் உண்ணிப்பழமும் எப்போதும் ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கும். இங்கே குறைவது தண்ணீர். பிப்ரவரி முதல் மே வரை ஓடைகள் மெலிந்துவிடும்போது, ஆழமில்லாத ஒரு தட்டுத் தண்ணீர் போதும். சுற்றியுள்ள காபித் தோட்டத்துப் பறவைகள் தேடி வரும். முழங்கால் வலியோடு மேடு பள்ளம் ஏறி இறங்க வேண்டியதும் இல்லை.

தட்டு

பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் பெரிய மண் தட்டு, 40 முதல் 45 செ.மீ. அகலத்தில், வாங்குங்கள். பிளாஸ்டிக்கும் பளபளப்பான பீங்கானும் வேண்டாம். கால் வழுக்கினால் குருவி இறங்காது. ஒரு நாள் முழுக்க ஊறவைத்துவிட்டுப் பயன்படுத்தினால் மண் தண்ணீரை உறிஞ்சுவது குறையும். ஓரத்தில் 2 செ.மீ., நடுவில் 5 செ.மீ. ஆழம் வரும்படி கூழாங்கல் பரப்புங்கள். பலரும் தவறுவது இந்த ஆழத்தில்தான். பத்து செ.மீ. தண்ணீரில் காகம் குளிக்கும், தேன்சிட்டு எட்டிக்கூடப் பார்க்காது.

தட்டின் உயரம் உங்கள் நாற்காலியைப் பொறுத்தது. சாதாரண நாற்காலியில் உட்கார்ந்தால் லென்ஸ் தரையிலிருந்து ஒரு மீட்டர் அளவில் இருக்கும். தட்டு 80 முதல் 90 செ.மீ. உயரக் கல்மேடையில் இருந்தால், பறவையின் கண் மட்டத்துக்குப் படம் அமையும். மேலிருந்து கீழே பார்த்து எடுத்தால் முதுகுதான் விழும். குரங்கு கவிழ்க்காமல் இருக்கத் தட்டைச் சிமென்ட் பூசி மேடையோடு பிடித்துவிடுங்கள். பூனை பதுங்கும் புதர் இரண்டு மீட்டருக்குள் இருக்கக் கூடாது.

தினமும் காலையில் தண்ணீரைக் கொட்டி, ஓரத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தட்டின் ஓரத்தில்தான் ஒட்டியிருக்கும். வெறுமனே தண்ணீர் மாற்றினால் அது போகாது.

சொட்டு

அசையாத தண்ணீரைவிடச் சொட்டும் தண்ணீர் பறவையின் கண்ணிலும் காதிலும் சீக்கிரம் படும். மருந்துக்கடையில் கிடைக்கும் புதிய டிரிப்ஸ் குழாயை 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலில் இணைத்து, தட்டுக்கு ஒன்றரை மீட்டர் மேலே மறைவாகத் தலைகீழாகக் கட்டுங்கள். வினாடிக்கு ஒரு சொட்டு என்று உருளையைத் திருகி வையுங்கள். 20 சொட்டு ஒரு மி.லி. என்ற கணக்கில் மணிக்கு 180 மி.லி. போகும், காலையில் நிரப்பினால் மாலைவரை வரும். பாட்டிலின் அடியில் சின்ன ஓட்டை போட மறந்தால், உள்ளே காற்று போக வழியில்லாமல் சிறிது நேரத்தில் சொட்டு நின்றுவிடும்.

கொப்பும் பின்னணியும்

பறவை நேராகத் தண்ணீரில் இறங்காது. பக்கத்தில் உட்கார்ந்து நாலு பக்கமும் பார்க்கும். நல்ல படம் கிடைப்பது அந்த நேரத்தில்தான். தட்டிலிருந்து அரை மீட்டரில், விரல் பருமனுள்ள பாசி படிந்த காபிக் கொப்பு ஒன்றை நட்டு வையுங்கள். தடித்த கட்டை பறவையின் காலை மறைக்கும். கொப்புக்குப் பின்னால் குறைந்தது 5 மீட்டர் காலியாக இருந்து, அதற்கு அப்பால் காபிச் செடிகள் இருந்தால் பின்னணி ஒரே பச்சையாகக் கரையும். ஒரு மீட்டரில் காம்பவுண்டுச் சுவர் இருந்தால் செங்கல் இடுக்கெல்லாம் தெரியும்.

தட்டுக்குக் கிழக்கே, மேற்குப் பார்த்து உட்காருங்கள். காலை வெயில் உங்கள் முதுகுப்பக்கம் வரும். 400 மி.மீ. லென்ஸும் ஏபிஎஸ்-சி சென்சாரும் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியது) இருந்தால், 6 மீட்டர் தூரத்தில் படத்தின் அகலம் 35 செ.மீ. அளவு. 20 செ.மீ. நீளமுள்ள செம்மீசைச் சின்னானுக்கு அது கச்சிதம். ஏற்காட்டுப் பனிமூட்டத்திலும் இந்தக் கிட்டத்து தூரம் கைகொடுக்கும். எட்ட இருந்தால் ஃபோகஸ் அலைபாயும்.

மறைவுக்குப் பச்சை நிழல்வலை போதும். 20 செ.மீ. திறப்பு வெட்டி, ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டுப் பிறகு உட்காருங்கள். டிரைபாடைவிட, அரிசி நிரப்பிய ஒன்றரைக் கிலோ துணிப்பையை மேசைமேல் போட்டு லென்ஸை அதில் கிடத்துவது வசதி, தோள் வலிக்காது.

கேமரா

முதலில் கடிகாரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள். பழைய நாட்டு நேரத்தில் விட்டால், பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் இணையதளத்தில் பதியும்போது தேதியும் வேளையும் தப்பாகும். அமெரிக்காவில் வாங்கிய சார்ஜரில் 100-240 வோல்ட் என்று அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

காபித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களின் நிழல் கண்ணுக்குத் தெரிவதைவிட இருட்டு. லென்ஸின் மிகப் பெரிய அப்பெர்ச்சர் (ஒளி புகும் திறப்பு), ஷட்டர் வேகம் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500 வினாடி, குளித்துத் தண்ணீர் தெறிக்கும்போது 1/1600, ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) உச்சவரம்பு 6400, ரா எனும் மூலப்படக் கோப்பு: இதில் தொடங்குங்கள். புள்ளி புள்ளியாகத் தெரியும் என்று பயந்து ஐஎஸ்ஓவைக் குறைத்தால் ஷட்டர் வேகம் இறங்கிப் படம் ஆடிவிடும். புள்ளியைப் பிறகு குறைக்கலாம், ஆட்டத்தைத் திருத்த முடியாது. வெண்ணிறமான ஆண் அரசவால் ஈப்பிடிப்பான் கரும்பச்சைப் பின்னணியில் வந்தால், கேமரா இருட்டை மட்டும் கணக்கில் வைத்து வெளிச்சத்தைக் கூட்டும். இறகு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை −1 வரை இறக்குங்கள்.

அக்டோபருக்குப் பிறகு வலசை வரும் ஆறுமணிக்குருவி தரையில் சருகைக் கிளறி இரை தேடும். அதற்காகக் கீழே இன்னொரு தட்டை வைத்து, மரத்தடிச் சருகைப் பெருக்காமல் விடுங்கள். விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் தலைகாட்டும். தத்தித் தத்திப் போய் நிற்கும் கணத்தில் 1/200இல் எடுத்தாலும் கூர்மை வரும்.

பூஞ்சை

மலையில் லென்ஸைக் கெடுப்பது ஈரம். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் கண்ணாடிக்குள் பூஞ்சை படரத் தொடங்கும். ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத டப்பா, 250 கிராம் சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மானி மூன்றையும் வாங்கி, லென்ஸை டப்பாவில் போட்டு, உள்ளே ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். ஜெல் நிறம் மாறியதும், சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் சிறு தீயில் வறுத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். அரிசி இதற்கு உதவாது, தூசிதான் சேரும். தோல் உறையே பூஞ்சைக்கு விளைநிலம். அதை முதலில் அகற்றுங்கள்.

இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக்கு வந்ததும் பையைத் திறக்காதீர்கள். மலைக்குளிரில் இருந்த கண்ணாடிமேல் சமவெளியின் வெப்பக் காற்று பட்டால் நீர் படியும். அரைமணி நேரம் மூடியே இருக்கட்டும். சேலம் நகரிலேயே குடியிருப்பவர்களுக்குக் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரை இருக்கிறது. நீர்க்காகமும் தாழைக்கோழியும் தூரத்தில் நிற்பதால் 600 மி.மீ. வேண்டும்.

எல்லைகள்

செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். பறவை அதை எதிரி என்று நினைத்து இரையை விட்டுவிட்டு அலையும். கூட்டின் அருகே கேமரா வேண்டாம். நீங்கள் விலக்கிய இலை வழியாகவே காகம் முட்டையைக் கண்டுபிடிக்கும். மஞ்சள்தொண்டைச் சின்னான் தோட்டத் தட்டுக்கு வருவது அரிது. பாறையும் புதருமான சரிவில் வாழும், தென்னிந்தியாவுக்கு மட்டுமே உரிய, அருகிவரும் பறவை அது. அதைத் தேடிக் காப்புக்காட்டுக்குள் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும், காபி எஸ்டேட்டுக்குள் போக மேலாளரின் அனுமதி வேண்டும். விடியுமுன் தனியாக எஸ்டேட் பாதையில் நடக்காதீர்கள். காட்டெருமை நடமாட்டம் உண்டு.