முத்துவை அனுப்பாமலே மகளின் தும்மலைக் குறைத்த விதம்

எங்கள் பூனை முத்து வீட்டுக்கு வந்த மூன்றாவது மாதம் மகளுக்குத் தும்மல் ஆரம்பித்தது. எழுந்ததும் பதினைந்து, இருபது தும்மல், கண் சிவப்பு, மூக்கு ஒழுகல். "பூனை முடி உள்ளே போயிருக்கும், கொண்டுபோய் எங்கேயாவது விட்டுடுங்க" என்றார் அத்தை. மகள் முத்துவைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. முத்துவும் இங்கேதான் இருக்கிறான், மகளும் நன்றாக இருக்கிறாள். செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நெஞ்சில் விசில் சத்தம், இழுப்பு, ராத்திரி மூச்சுத் திணறல் இருந்தால் முதலில் டாக்டரிடம் போங்கள். ஆஸ்துமா கட்டுக்குள் வரவில்லை என்றால் பூனைக்கு நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பதுதான் சரி.

1. காரணத்தை உறுதி செய்யுங்கள்

கையில் சொட்டு வைத்து லேசாகக் குத்திப் பார்க்கும் பரிசோதனையில் இருபது நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்குச் சில நாள் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்த வேண்டும். எத்தனை நாள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் முதல் நாள் இரவு செட்டிரிசின் கொடுத்துவிட்டுப் போய், பரிசோதனை செய்யாமலே திரும்பி வந்தோம். பிறகு எடுத்தபோது மகளுக்குப் பூனையும் ஒத்துக்கொள்ளவில்லை, மெத்தையில் வாழும் டஸ்ட் மைட் என்ற கண்ணுக்குத் தெரியாத பூச்சியும் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தது.

பழி முடி மேல் விழுந்தாலும், காரணம் பூனையின் எச்சிலிலும் தோலிலும் சுரக்கும் ஃபெல் டி 1 என்ற புரதம். பூனை தன்னை நக்கும்போது அது முடியில் பூசிக் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத துகளாக மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். அதனால் முடி குறைந்த ஜாதிப் பூனை வாங்கினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2. பூனைக்குச் செய்வது

கடுவனாக இருந்தால் கருத்தடை செய்துவிடுங்கள், அந்தப் புரதம் குறையும். முடி வாருவதை அலர்ஜி இல்லாதவர் வெளியே வைத்துச் செய்யட்டும். மலத்தட்டைச் சுத்தம் செய்வதும் அவர் வேலைதான். குளிப்பாட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. குறைந்த புரதம் ஒரு வாரத்துக்குள் பழையபடி ஏறிவிடும், பூனைக்கும் வேதனை.

3. படுக்கையறை

நான் சறுக்கிய இடம் இதுதான். முத்துவை அறைக்குள் விடாமல் கதவைச் சாத்தினோம். மூன்று வாரமாகியும் தும்மல் குறையவில்லை. பூனை அலர்ஜியே இல்லையோ என்றுகூடச் சந்தேகம் வந்தது. ஒரு நாள் மகளின் இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டினேன். கால்மாட்டில், முத்து சுருண்டு படுக்கும் அளவுக்கு ஒரு பள்ளம். துணிக்குள் முடி ஊசி ஊசியாகக் குத்தி நின்றது. பூனை வெளியே போனாலும் அதன் புரதம் மெத்தையில் மாதக்கணக்கில் தங்கும். கதவைச் சாத்தி, அதை மகளோடு உள்ளேயே பூட்டி வைத்திருக்கிறேன்!

மெத்தையையும் தலையணையையும் மாற்றினோம். இரண்டுக்கும் ஜிப் வைத்த, துகள் புகாத உறை போட்டோம். திரைச்சீலையைத் துவைத்து, சுவரையும் அலமாரிக் கதவையும் ஈரத்துணியால் துடைத்தோம். படுக்கை விரிப்பு வாராவாரம் 60 டிகிரி வெந்நீரில். மைட் சாவதற்கு அந்தச் சூடு வேண்டும். ஆறாவது வாரம் காலைத் தும்மல் மூன்று, நான்காகக் குறைந்தது. பொறுமையாக இருங்கள்.

4. பெருக்காதீர்கள், துடையுங்கள்

பூந்துடைப்பம் படிந்ததையெல்லாம் கிளப்பிவிடும். ஈர மாப்பு போதும். மின்விசிறி இறக்கையைத் துடைக்கப் பழைய தலையணை உறையை இறக்கை மேல் மாட்டி, அழுத்தி இழுங்கள். தூசி உறைக்குள்ளேயே விழும். நல்ல ஃபில்டர் இல்லாத வேக்குவம் கிளீனர் நுண்துகளை மறுபடி அறைக்குள்ளேயே ஊதும், அதற்கு மாப்பே மேல்.

பினாயில் வேண்டவே வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஃபீனால் பூனைக்கு விஷம். தரையில் நடந்த பாதத்தை அது நக்கும். சோப்புத் தண்ணீர் போதும். சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திச் சுருள் இரண்டையும் நிறுத்தினோம். அத்தைக்கு வருத்தம்தான், ஆனாலும் பேத்திக்காக ஒத்துக்கொண்டார்.

5. ஏர் ப்யூரிஃபையர்

ஹெப்பா ஃபில்டர் உள்ளதை மட்டும் வாங்குங்கள். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பதுதான் ஹெப்பா. ஓசோன் வெளியிடும் வகை நுரையீரலுக்குக் கெடுதல். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் படுக்கையறையில், கதவு ஜன்னலைச் சாத்தி ஓட விடுங்கள். காசு கம்மி என்றால் முதலில் மெத்தை உறை, அப்புறம்தான் இது.

பின்சேர்க்கை 1: அலர்ஜியைக் குறைக்கும் பூனை உணவு பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். பியூரினா நிறுவனம் 2020-இல் கொண்டுவந்த பூனை உணவு, எச்சிலில் உள்ள ஃபெல் டி 1 புரதத்தை முடக்குகிறது. மூன்றாவது வாரத்திலிருந்து முடியில் சராசரியாக 47 சதவீதம் குறைவதாக அவர்கள் ஆய்வு சொல்கிறது. அதைக் கொடுத்தாலும் மேலே சொன்ன வேலைகளை விடாதீர்கள்.

பின்சேர்க்கை 2: "எல்லாம் செய்தும் பள்ளியில் தும்முகிறான்" என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். படித்ததும் எங்கள் வீட்டைக் கவனித்தேன். அயர்ன் செய்த யூனிஃபார்மை ராத்திரி கூடத்து நாற்காலியில் மடித்து வைப்பது வழக்கம். அந்தச் சூட்டுக்கு முத்து நேராக அதன் மேல்தான் போய்ப் படுக்கிறான்! இப்போது யூனிஃபார்ம் அயர்ன் பெட்டியிலிருந்து நேரே அலமாரிக்குப் போகிறது. முத்துவுக்கு அதே நாற்காலியில் ஒரு பழைய துண்டை லேசாகச் சூடாக்கிப் போட்டுவிடுகிறேன்.