டேர்போவின் வாயைப் பெருப்பிக்குமுன்: கம்பிரசர் நுழைவில் செய்யக்கூடாத வேலைகள்

கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில், எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் டேர்போ ஒன்றைப் பழையதாக வாங்கிக்கொண்டு நேரே லேத் பட்டறைக்குப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "வாயைக் கொஞ்சம் கடைஞ்சு விடுங்க பாஸ், காத்து நல்லாப் போகட்டும்." வாய் பெருத்தால் காற்று கூடும் என்ற கணக்கு கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அந்த வாய்க்கு ஒரு அங்குலம் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் கணக்கு மாறிவிடும்.

உள்ளே இருப்பது கம்பிரசர் வீல், அதாவது காற்றை உறிஞ்சி அமுக்கும், பிளேட்கள் கொண்ட சக்கரம். காற்றை வாங்கும் அதன் முன்பக்க விட்டத்தை இன்டியூசர் என்பார்கள், காற்றை வெளியே வீசும் பின்பக்க விட்டத்தை எக்ஸ்டியூசர் என்பார்கள். முன்விட்டத்தின் வர்க்கத்தைப் பின்விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் வருவது 'டிரிம்'. 53.1 மி.மீ. முன், 71 மி.மீ. பின் என்றால் டிரிம் 56. கம்பிரசருக்குள் எவ்வளவு காற்று போகலாம் என்பதைப் பெரும்பாலும் இந்த இன்டியூசர் வளையம்தான் தீர்மானிக்கிறது. அதற்கு முன்னால் உள்ள அலுமினிய வாயை எவ்வளவு கடைந்தாலும் அந்த வளையம் பெருக்காது.

சரி, வீல் இருக்கும் இடத்திலேயே கடைந்தால்? அதுதான் எல்லாவற்றிலும் மோசமான வேலை. பிளேட் நுனிக்கும், வீலை மூடியிருக்கும் 'வீடு' எனப்படும் அலுமினிய உறையின் சுவருக்கும் இடையில் இருப்பது மில்லிமீட்டரில் சில பத்தில் ஒரு பங்குதான். 71 மி.மீ. வீல் நிமிடத்துக்கு 1,20,000 சுற்றுச் சுற்றும்போது அதன் வெளிவிளிம்பு செக்கனுக்கு 446 மீட்டர் வேகத்தில் ஓடும். அது ஒலியின் வேகத்தை விட அதிகம். வேகன் ஆர் ஸ்டிங்ரே, எவ்ரி போன்ற 660 சீசீ வண்டிகளின் சின்ன டேர்போக்களில் சுற்று 2 இலட்சத்தையும் தாண்டும். இடைவெளி கூடினால் அழுத்தப்பட்ட காற்று பிளேட் நுனிகளுக்கு மேலால் பின்னுக்கு வழியும். அதே பூஸ்டுக்கு (வெளிக்காற்றுக்கு மேலாக டேர்போ தரும் அழுத்தம்) டேர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டிவரும், வெளியே வரும் காற்றும் அதிகம் சுடும். பெரிய இன்டியூசர் தேவையென்றால் பெரிய வீல் போட்டு, அதன் வளைவுக்கேற்ப வீட்டைக் கடைந்து, சுற்றும் பாகங்களை மெஷினில் பலன்ஸ் செய்ய வேண்டும். இருக்கிற வீலின் பிளேட்டை எமரித் தாளால் 'மினுக்குவது' அந்தப் பலன்ஸைக் கெடுப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

முறையாகச் செய்தாலும் ஒரு விலை உண்டு. பெரிய இன்டியூசர் கம்பிரசரின் வேலைப் பரப்பையே அதிகக் காற்றுப் பக்கம் நகர்த்திவிடும். அதோடு சர்ஜ் எல்லையும், அதாவது காற்று போதாமல் அமுக்கிய காற்று பின்னுக்குத் திரும்பத் தொடங்கும் எல்லையும், நகரும். மேல் கியரில், குறைந்த சுற்றில் அக்சிலரேட்டரை மிதிக்கும்போது படபடவென்று ஒரு சத்தம் வருமே, அதுதான் சர்ஜ். சில பெடியன்களுக்கு அது சங்கீதம். தண்டை முன்பின் நகராமல் தாங்கும் டேர்போவின் திரஸ்ட் பெயரிங்குக்கு அது முன்னும் பின்னும் விழும் அடி. காலி வீதியில் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்குப் போகும் வண்டி பெரும்பகுதி நேரம் குறைந்த சுற்றிலேயே ஓடுகிறது. அதிவேகப் பாதைக்கு ஏறினாலும் எல்லை மணிக்கு 100 கி.மீ. மேல்சுற்றில் மட்டும் கிடைக்கும் காற்றுக்காகக் கீழ்ச்சுற்றை விற்பது கொழும்பில் ஓடும் வண்டிக்கு நட்டம் என்பதே என் எண்ணம்.

"அப்படியானால் ரலி கார்களில் ஏன் வாயைப் பற்றி அவ்வளவு சண்டை?" என்று கேட்கலாம். அங்கே சட்டமே வேண்டுமென்று வாயை நெரிக்கிறது. 1995இல் உலக ரலி சம்பியன்ஷிப்பில் கம்பிரசருக்கு முன்னால் காற்றை நெரிக்கும் 34 மி.மீ. துவாரமுள்ள கட்டுப்படுத்தி ஒன்று கட்டாயம் இருந்தது. டொயோட்டா அணி, பூட்டும்போது சத்தமில்லாமல் நகர்ந்து பக்கத்தால் காற்று விடும் ஒரு கள்ளக் கட்டுப்படுத்தி செய்து, அந்த வருடக் கட்டலோனியா ரலியில் பிடிபட்டு, 12 மாதத் தடை வாங்கியது. குறுகல் உண்மையில் அங்கே இருந்தபடியால்தான் அந்தத் தில்லுமுல்லு பலன் தந்தது. உங்கள் வண்டியின் குறுகல் எங்கே என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்குச் செலவு அதிகமில்லை. டேர்போவுக்குச் சற்று முன்னால் குழாயில் ஒரு சின்னத் துவாரமிட்டு, மெல்லிய ஹோஸ் ஒன்றைக் கபினுக்குள் கொண்டுவந்து, தண்ணீர் ஊற்றிய யூ வடிவக் கண்ணாடிக்குழாயில் பொருத்துங்கள். இரண்டு மட்டங்களுக்கும் இடையில் 10 செ.மீ. வித்தியாசம் என்றால் ஏறத்தாழ 1 கிலோபாஸ்கல் இழுவை. யூவின் கைகள் ஒவ்வொன்றும் ஒரு மீட்டராவது இருக்கட்டும், இல்லாவிட்டால் டேர்போ தண்ணீர் குடிக்கும். ஓட்டுபவர் ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் வாசிக்க வேண்டும். முழு அக்சிலரேட்டரில் 50 செ.மீ. காட்டினால் 5 கிலோபாஸ்கல் அங்கே தொலைகிறது. 100 கிலோபாஸ்கல் பூஸ்டுக்கு, தடையே இல்லாத நிலையில் அழுத்த விகிதம் (வெளியே வரும் அழுத்தத்தை உள்ளே போகும் அழுத்தத்தால் வகுத்தது) 1.99. இந்த 5 தொலைந்தால் அது 2.09. அதே பூஸ்டைத் தர டேர்போ கூடுதலாக உழைக்கிறது. பில்டரைக் கழற்றி ஒருமுறை, பில்டர் பெட்டியின் மூக்கைக் கழற்றி ஒருமுறை பார்த்தால் குற்றவாளி தானாக அகப்படும். பெரும்பாலும் அழுக்கேறிய பில்டர் அல்லது நெளிந்த ரப்பர் குழாய்தான்.

குழாயை மாற்றும்போது நடக்கும் தவறுகளில் முக்கியமானது படி. உள்விட்டம் பொருந்தாத ஹோஸைப் பூட்டினால் சேரும் இடத்தில் ஒரு கூரான விளிம்பு நிற்கும். காற்று அங்கே சுவரை விட்டுப் பிரிந்து, கலங்கியபடி பிளேட்டில் மோதும். இங்கே மட்டும் லேத்துக்கு நியாயமான வேலை உண்டு: வாயின் விளிம்பை உருட்டி, படியைச் சரிவாக்குவது. கம்பிரசர் வாயோடு ஒட்டினாற்போல் 90 பாகை வளைவு வைப்பதும் கூடாது. குழாய் விட்டத்தின் இரண்டு மூன்று மடங்கு நீளமாவது நேராக வரட்டும். 'காற்றைச் சுழற்றும்' தகட்டு விசிறிகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். முன்சுழற்சி கம்பிரசர் வடிவமைப்பில் உண்மையாகவே பயன்படும் விஷயம்தான், ஆனால் கோணம் கணக்கிட்டுச் செய்வது. கடையில் விற்கும் தகடு வெறும் தடை. மலிவான மெல்லிய சிலிக்கன் ஹோஸும் வேண்டாம். அது இழுவையில் உள்ளே சப்பிக்கொள்ளும், பொனட்டைத் திறந்து பார்க்கும்போது மட்டும் நல்ல பிள்ளையாக இருக்கும்.

சில வீடுகளில் வாயைச் சுற்றி இரட்டை வளையமும் உள்ளே ஒரு வளையப் பிளவும் இருக்கும். சர்ஜை நெருங்கும்போது கொஞ்சக் காற்றை வாய்க்குத் திருப்பிவிடவும், அதிகக் காற்று தேவைப்படும்போது கூடுதலாக உள்ளே எடுக்கவும் அந்தப் பிளவு. அதை வார்ப்பின் மிச்சம் என்று நினைத்து உள்வளையத்தை வெட்டி எறிந்தவர்கள் உண்டு. உள்வளையத்துக்கு மட்டும் பொருந்தும் குழாயைப் பூட்டி வெளிவளையத்தை அடைத்தவர்களும் உண்டு. இல்லாத வீட்டில் கையால் பிளவு வெட்டுவதும் வீண். அது பிளேட்டின் எந்த இடத்துக்கு நேரே வருகிறது என்பதில்தான் முழுக் காரியமும் இருக்கிறது.

பில்டரைத் திறந்தபடி எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தால் உறிஞ்சும் சத்தம் நன்றாகக் கேட்கும். வெளியே 30 பாகை, பொனட்டுக்குள் 60 பாகை என்றால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 9 வீதம் குறைவு. பெருப்பித்த வாய் தந்ததை விட இது அதிகம் பறித்துவிடும். பில்டருக்குப் பதில் வலை மட்டும் போடுவது பற்றிச் சொல்லவே தேவையில்லை. தூசி பிளேட்டின் முன்விளிம்பைத் தின்றுவிடும். கடைந்த வீட்டைக் கழுவாமல் பூட்டினால் அலுமினியச் சீவலும் அதே வேலையைச் செய்யும்.

எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் மாஸ் எயார்ஃபுளோ சென்சர் உள்ள வண்டியில் அது இருக்கும் குழாயின் விட்டத்தை மாற்றினால் கம்பியூட்டருக்குப் பிழையான அளவு போகும். விட்டம் கூடினால் காற்று குறைவாகத் தெரியும், பெற்றோலும் அதற்கேற்பக் குறையும். பூஸ்டில் அப்படி ஓடும் எஞ்சினின் பிஸ்டனுக்குக் கேடு. டீசலில் பிழையான அளவு கரும்புகையாகவும் வரலாம், அப்புறம் வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் நிற்க வேண்டியதுதான்.

பழைய குழாயில் எஞ்சினிலிருந்து வரும் ஒரு சின்ன மூச்சு ஹோஸ் பூட்டியிருக்கும். புதுக் குழாயில் அதற்கு இடமில்லையென்று போல்ட் வைத்து அடைத்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, டேர்போவிலிருந்து ஆயில் கீழே வடிய முடியாமல் சீல்களைத் தாண்டி உள்ளே வரும். டேர்போ ஆயில் அடிக்கிறது என்று விற்றவரிடம் சண்டைக்குப் போகுமுன், அந்த ஹோஸின் மறுமுனை எங்கே போகிறது என்று பாருங்கள்.