லாலியின் முற்றுகையை வடசென்னையில் நடந்து பார்ப்பது எப்படி

பள்ளிப் புத்தகத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய மூன்றாம் கர்நாடகப் போர் என்றால் வந்தவாசி, 1760, கேள்வி முடிந்தது. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் கை தாழ ஆரம்பித்தது அதற்குப் 11 மாதம் முன்னால், பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, நம்ம தங்கசாலை மின்ட்டுக்கும் ஜார்ஜ் கோட்டைக்கும் நடுவில் என்பது என் கட்சி. நடந்து பார்த்தால் நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள். ஒரு காலை நேரம் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் கிளம்புங்கள், மற்ற நாட்களில் சவுக்கார்பேட்டையில் மூட்டை வண்டிக்கு வழிவிட்டே பாதிப் பொழுது போய்விடும். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், கோட்டை அருங்காட்சியகத்துக்கு லீவு. ஆதார் மாதிரி ஏதாவது அடையாள அட்டை கையில் இருக்கட்டும். கோட்டைக்குள் தலைமைச் செயலகம் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு.

முக்கியமான விஷயம், வடக்கிலிருந்து தெற்கே நடக்க வேண்டும். எல்லோரும் கோட்டையில்தான் ஆரம்பிப்பார்கள், அது காவலுக்கு நின்றவனின் பார்வை. லாலி கோட்டையைத் தாக்கியது வடக்குப் பக்கமிருந்து, நீங்களும் அப்படியே வாருங்கள்.

பழைய ஜெயில் ரோட்டில் இருக்கிற மாடிப் பூங்காவில் தொடங்கலாம். அது கருப்பர் நகரத்தை, அதாவது கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் குடியிருந்த ஊரை, சுற்றிக் கட்டிய மதிலின் மிச்சம், வால்டாக்ஸ் ரோட்டுப் பெயரில் வருகிற சுவரும் இதே மதில்தான். ஆனால் ஏமாந்துவிடாதீர்கள், லாலி வந்தபோது இது இல்லை, பட்ட பிறகு 1760களில் கட்டியது. 1758 டிசம்பரில் ஆங்கிலப் படை கோட்டைக்குள் ஒதுங்கிக்கொள்ள, 14ஆம் தேதி கருப்பர் நகரத்தின் பெத்தநாயக்கன்பேட்டையும் முத்தியால்பேட்டையும் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்துவிட்டன.

இனி தங்கசாலையில் இறங்கி நேராகத் தெற்கே. இந்தத் தெருக்களின் குறுகலைக் கவனித்துக்கொண்டே போங்கள், கதையே அதில்தான் இருக்கிறது. ஊருக்குள் நுழைந்த சிப்பாய்கள் முதலில் தேடிப் பிடித்தது சாராயம். அது கோட்டைக்குத் தெரிந்து, அன்றைக்கே ஆங்கிலப் படையின் கர்னல் டிரேப்பர் சுமார் 500 பேரோடும் இரண்டு பீரங்கியோடும் வெளியே வந்து தெருவிலேயே மோதினார். பக்கத்துச் சந்தில் யார் நிற்கிறான் என்று இரண்டு தரப்புக்கும் தெரியாத சண்டை அது. டிரேப்பருக்கு 200 பேருக்கு மேல் நஷ்டம். பிரெஞ்சுப் பக்கம் தெஸ்தேங் என்ற பெரிய தலை பிடிபட்டது. திரும்பி ஓடிய ஆங்கிலேயரை இன்னொரு பிரெஞ்சுத் தளபதியான புஸ்ஸி மடக்கவில்லை என்று லாலி கடைசிவரை குறை சொல்லிக்கொண்டே இருந்தார், இரண்டு பேருக்கும் ஏற்கெனவே ஆகாது. நடுவில் பிராட்வேயைக் கடந்தால் ஒன்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அது அப்போது இரண்டு பேட்டைகளுக்கும் இடையே ஓடிய தாழ்ந்த வாய்க்கால் நிலம், பிற்பாடு போபாம் என்ற வக்கீல் தூர்த்ததுதான் ரோடு.

என்.எஸ்.சி. போஸ் ரோடு வந்ததும் எதிரே உயர் நீதிமன்றமும் பழைய சட்டக் கல்லூரியும். கல்லூரி வளாகத்தில்தான் அன்றைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டம் இருந்தது. உயரமான சமாதிகள் பிரெஞ்சுக்காரர்களுக்குச் சௌகரியமான மறைவாகிப் போனதால் பிறகு எல்லாவற்றையும் இடித்துவிட்டார்கள். ஹின்மர்ஸ், டேவிட் யேல் இருவர் கல்லறையை மட்டும் விட்டுவைத்தார்கள், மற்றவர்களின் நினைவுக் கற்கள் கோட்டைக்குள் இருக்கிற புனித மேரி தேவாலயம் என்ற மாதா கோயில் முற்றத்துக்குப் போயின. காவலர் உள்ளே விட்டால் பாருங்கள், விடாவிட்டால் வாக்குவாதம் வேண்டாம். பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரமாக நிற்கிற 1773ஆம் ஆண்டு எல்லைத் தூணை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆறு தூண் நட்டதில் மிஞ்சியது அது ஒன்றுதான். இதற்குத் தெற்கே வீடு கட்டக்கூடாது, கோட்டை பீரங்கிக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும் என்பது லாலி கற்றுக்கொடுத்த பாடம்.

தூணில் முதுகை வைத்துத் தெற்கே பாருங்கள். இவ்வளவு கிட்டத்தில் இருந்தும், 1759 ஜனவரி 2 முதல் ஒன்றரை மாதம் சுட்டும் லாலியால் கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. பீரங்கி குறையவில்லை, காசுதான் இல்லை. தஞ்சாவூரில் பணம் பறிக்கப் போய் வெறுங்கையோடு வந்தவர், வெடிமருந்தும் தட்டு, சிப்பாய்க்குச் சம்பளமும் பாக்கி. கப்பற்படை முந்தைய செப்டம்பரிலேயே மொரீஷியஸ் பக்கம் போய்விட்டது. போதாததற்கு மருதநாயகம் என்று நாம் சொல்கிற, அப்போது ஆங்கிலேயர் பக்கம் இருந்த யூசுப் கானும் ஆங்கிலத் தளபதி பிரெஸ்டனும் செங்கல்பட்டுப் பக்கமிருந்து வந்து வந்து தானிய வண்டிகளை அடித்துக்கொண்டே இருந்தார்கள். கோட்டையை கவர்னர் பிகட்டும் படைத் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸும் காத்தார்கள் என்று புத்தகம் சொல்லும், என்னைக் கேட்டால் பாதி மதிப்பெண் யூசுப் கானுக்கு.

அப்புறம் கோட்டைக்குள். 1680இல் திறந்த மாதா கோயிலின் குண்டு துளைக்காத வளைவுக் கூரையை அண்ணாந்து பாருங்கள். வெளியே வந்து கிழக்கே திரும்பினால் துறைமுகம் மறைக்கும், ஆனால் அது 19ஆம் நூற்றாண்டுச் சமாசாரம். அன்றைக்குக் கடல் கோட்டையை ஒட்டியே இருந்தது. பிப்ரவரி 16 சாயங்காலம் அந்தக் கடலில் ஆங்கிலக் கப்பல்கள் ஆறு தெரிந்தன. மறுநாள் லாலி 50க்கும் மேற்பட்ட பீரங்கிகளை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார்.

அக்டோபரில் சம்பளம் கேட்டு அவருடைய படையே கலகம் செய்தது. அந்தப் படையோடுதான் 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டை எதிர்த்து நின்றார், புஸ்ஸி அங்கே கைதியானார், அடுத்த ஜனவரியில் புதுச்சேரியும் போனது. வந்தவாசிக்கும் போக ஆசையிருந்தால் வேறு ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் இதே நடையைப் போடுகிறவர்கள், முடித்ததும் பர்மா பஜார் பக்கம் ஒரு அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட்டுவிட்டு பீச் ஸ்டேஷனில் ரயில் ஏறிவிடலாம்.