இரண்டு பிராசசர்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்டெலின் ஐ7 என்றாலே ஐ5-ஐவிட வேகம் என்று நம்பி வாங்குவதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. 2016-இல் வந்த ஐ7-7500யு-வையும் 2017-இல் வந்த ஐ5-8250யு-வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுமே 15 வாட் லேப்டாப் பிராசசர்கள். ஐ7-இல் இருப்பது 2 கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி), 4 த்ரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலைத் தொடர்). ஐ5-இல் 4 கோர், 8 த்ரெட். வீடியோ எடிட் செய்து எக்ஸ்போர்ட் போட்டால் ஐ5 எளிதாக முந்திவிடும். பெயரில் வரும் 5, 7, 9 எல்லாம் ஒரே தலைமுறைக்குள், ஒரே வகைக்குள் எது மேலே எது கீழே என்று காட்டும் எண்கள். தலைமுறை மாறிவிட்டால் அவற்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

தலைமுறை எண்ணாவது நம்பகமானதா என்றால், அதுவும் இல்லை. ஏஎம்டி-யின் ரைசன் 5 7520யு, 7530யு, 7540யு மூன்றும் ஒரே 7000 வரிசை. ஆனால் உள்கட்டமைப்பில் முதலாவது ஜென் 2, அடுத்தது அதைவிடப் புதிய ஜென் 3, கடைசி இன்னும் புதிய ஜென் 4. வித்தியாசம் மூன்றாவது இலக்கத்தில் ஒளிந்திருக்கிறது. கோரும் முதலாவதில் 4, மற்ற இரண்டில் 6. லேப்டாப் வாங்குபவர் முழு மாடல் எண்ணையும் எழுதி வைத்துக்கொண்டு, உள்ளே எந்தக் கட்டமைப்பு, எத்தனை கோர் என்று பார்த்த பிறகே ஒப்பிட உட்கார வேண்டும்.

கிகாஹெர்ட்ஸும் கோரும்

கிகாஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடிக்கு எத்தனை துடிப்பு என்பது மட்டுமே. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது கட்டமைப்புக்குக் கட்டமைப்பு மாறும். ரைசன் 7 5800எக்ஸ், 5800எக்ஸ்3டி இரண்டும் ஒரே ஜென் 3, இரண்டிலும் 8 கோர். முதலாவது 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், இரண்டாவது 4.5 வரைதான். ஆனாலும் பெரும்பாலான கேம்களில் இரண்டாவதே முன்னால் நிற்கிறது. காரணம் எல்3 கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்: 32 எம்பிக்குப் பதில் 96 எம்பி. கேம் ஓடும்போது பிராசசர் இங்கும் அங்கும் சிதறிக் கிடக்கும் தகவலைத் தேடிக்கொண்டே இருக்கும். கேஷில் கிடைக்காவிட்டால் ரேம் வரை போய்வர வேண்டும். அந்த ஒரு பயணத்துக்குள் நூற்றுக்கணக்கான துடிப்புகள் வீணாகிவிடும். 3டி ரெண்டரிங்கில் நிலைமை தலைகீழ். அங்கே பெரிய கேஷ் அவ்வளவாகக் கைகொடுக்காது, 5800எக்ஸ் சற்று முந்தும். அதனால்தான் எந்த வேலைக்கு என்று சொல்லாமல் எது வேகம் என்று கேட்டால் பதிலே கிடையாது.

கோர் எண்ணிக்கையிலும் இதே கதை. ஒரு வேலையில் 80 சதவீதத்தைப் பிரித்துக் கொடுக்க முடியும், மீதி 20 சதவீதம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும் என்று வைத்துக்கொள்வோம். 8 கோரில் அது 3.3 மடங்கு வேகமாக முடியும். 16 கோர் போட்டால்? 4 மடங்கு. கோர் இரட்டிப்பானது, வேகம் கூடியதோ 20 சதவீதம். 1967-இல் ஜீன் ஆம்டால் முன்வைத்த வாதத்திலிருந்து வந்த கணக்கு இது, இன்றும் மாறவில்லை. இன்டெல் பிராசசர்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஐ5-13600கே-யில் 14 கோர் என்று போட்டிருக்கும். அதில் 6 மட்டுமே முழுவேகக் கோர், 8 சிக்கனக் கோர். 14-ஐ அப்படியே இன்னொரு பிராசசரின் கோர் எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

உங்கள் வேலை எந்த வகை என்று இப்போது இருக்கும் கணினியிலேயே பார்த்துவிடலாம். வேலையை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிராசசர் பயன்பாட்டைக் கவனியுங்கள். 12 த்ரெட் உள்ள பிராசசரில் மொத்தப் பயன்பாடு 8 சதவீதத்தை ஒட்டியே நின்றால், பிராசசர் சும்மா இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். நூறை 12-ஆல் வகுத்தால் 8.3. அதாவது ஒரு த்ரெட் முழுமூச்சாக உழைக்கிறது, மற்றவற்றுக்கு வேலையே இல்லை என்று பொருள். இப்படிப்பட்ட வேலைக்குக் கோர் கூட்டிப் பயனில்லை. ஒற்றைக் கோர் வேகம் கூடிய பிராசசர்தான் தேவை.

வாட் கணக்கு

பெட்டியில் போட்டிருக்கும் வாட் எண்ணை உச்ச மின்செலவு என்று எடுத்துக்கொள்வதும் தவறு. ரைசன் 9 7950எக்ஸுக்கு 170 வாட் என்று இருக்கும், சாக்கெட் (போர்டில் பிராசசர் பொருந்தும் இடம்) வழியாக 230 வாட் வரை இழுக்கும். ஐ9-13900கே-க்கு 125 என்று இருக்கும், டர்போவில், அதாவது தானே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும்போது, 253 வரை போகும். இரு நிறுவனங்களும் அந்த எண்ணை வெவ்வேறு விதமாக வரையறுக்கின்றன, எனவே 170-ஐயும் 125-ஐயும் நேருக்கு நேர் வைக்க முடியாது. உச்ச வாட்டுக்குத் தக்கபடி கூலர் போடாவிட்டால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பெஞ்ச்மார்க் ஸ்கோர்

பெஞ்ச்மார்க் என்பது வேகத்தை அளந்து ஸ்கோர் தரும் சோதனை மென்பொருள். அவற்றில் ஒன்றான கீக்பெஞ்ச் 5-இல் ஐ3-8100-ஐ 1000 என்று வைத்து அளந்தார்கள். கீக்பெஞ்ச் 6-இல் ஐ7-12700-ஐ 2500 என்று. ஒரு பிராசசருக்கு 5-இன் ஸ்கோரையும் இன்னொன்றுக்கு 6-இன் ஸ்கோரையும் எடுத்தால் அந்த ஒப்பீடு குப்பை. சினிபெஞ்ச் ஆர்23-ம் சினிபெஞ்ச் 2024-ம் கூட அப்படித்தான். பதிப்பு ஒன்றாக இருந்தாலும் ரேமைப் பாருங்கள்: ஒன்று ஒற்றை ரேமில், மற்றது இரட்டைச் சேனலில் (இரண்டு ரேம் சேர்ந்து) சோதிக்கப்பட்டிருந்தால் கேம்களிலும் உள்ளமைந்த கிராபிக்ஸிலும் முடிவு நிச்சயம் கோணலாகும். லேப்டாப்பில் முதல் சுற்று ஸ்கோரை நம்பவே வேண்டாம். உடம்பு சூடாகும் முன் எல்லாமே வேகமாகத் தெரியும். பத்து நிமிடம் தொடர்ந்து ஓடிய பிறகு வரும் எண்ணே உண்மை. இரண்டு மூன்று சதவீத வித்தியாசத்தை வித்தியாசமாகவே கருதாதீர்கள்.

கேம் சோதனைகளை 4கே திரையில் பார்த்தால் எல்லா பிராசசரும் ஒன்றுபோலத் தெரியும். அங்கே மூச்சுத் திணறுவது கிராபிக்ஸ் கார்டு. வலுவான கார்டு போட்டு 1080பி-யில் செய்த சோதனையே பிராசசரின் வேகத்தைக் காட்டும். ஆனால் நீங்கள் ஆடப்போவது 4கே-யில் என்றால் அந்த வித்தியாசம் உங்கள் கைக்கு வராது. சராசரி எஃப்பிஎஸ் (ஒரு நொடிக்கு எத்தனை படச்சட்டம்) மட்டும் போதாது, மிக மோசமான 1 சதவீத எஃப்பிஎஸையும் பாருங்கள். ஆட்டத்தில் வரும் உதறல் அதில்தான் தெரியும்.

விலைக்கு வேகம்

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். அ என்ற பிராசசர் 100 பங்கு விலை. ஆ 150 பங்கு விலை, 20 சதவீதம் கூடுதல் வேகம். விலையால் வகுத்தால் அ-வுக்கு 1, ஆ-வுக்கு 0.8. அ-தான் லாபம் என்று தோன்றும். ஆனால் பிராசசர் மட்டும் தனியாக வேலை செய்யாது. மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை எல்லாம் சேர்த்து இன்னொரு 400 பங்கு என்றால், மொத்தம் 500-க்கு எதிராக 550. பத்து சதவீதம் கூடுதல் செலவில் இருபது சதவீதம் கூடுதல் வேகம். இப்போது ஆ லாபம். அதே ஆ-வுக்கு விலை கூடிய மதர்போர்டும் பெரிய கூலரும் தேவைப்பட்டு இன்னும் 60 பங்கு ஏறினால் மொத்தம் 610. தராசு மறுபடி அ பக்கம் சாயும். எனவே பாகங்களின் பட்டியலை இரண்டு முறை, ஒவ்வொரு பிராசசருக்கும் தனித்தனியாக, முழுதாக எழுதிக் கூட்டுங்கள். இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட் போர்டுகளில் டிடிஆர்4 ரேம் போடும் மாடலும் உண்டு, டிடிஆர்5 போடும் மாடலும் உண்டு. ஏஎம்டி-யின் ஏஎம்5 சாக்கெட்டில் டிடிஆர்5 மட்டுமே. இன்டெல் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை, தனி கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. அந்தக் கார்டின் விலையையும் சேர்க்க வேண்டும்.

இன்னொரு சின்னக் கணக்கு: 20 சதவீதம் வேகம் கூடினால் 60 நிமிட வேலை 48 நிமிடத்தில் முடியாது, 50 நிமிடம் ஆகும்.

ஏற்கெனவே ஏஎம்4 (ஏஎம்5-க்கு முந்தைய சாக்கெட்) கணினி வைத்திருப்பவருக்கு மேலே சொன்ன கூட்டல் மொத்தமும் மாறிவிடும். போர்டும் ரேமும் கையில் இருப்பதால் புதிய பிராசசரின் விலை மட்டுமே செலவு. எதிர்ப்பக்கம் ஏஎம்5-க்கு மாறுவதென்றால் பிராசசர், போர்டு, ரேம் மூன்றையும் வாங்க வேண்டும். பழைய ஏஎம்4 போர்டுகளான பி450 பலவற்றிலும் 5800எக்ஸ்3டி ஓடும், பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்திருந்தால். உங்கள் போர்டு தயாரிப்பாளரின் ஆதரவுப் பட்டியலில் அந்த மாடலும் அதற்கான பயாஸ் பதிப்பும் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். பழைய பிராசசர் போர்டில் இருக்கும்போதே அந்தப் புதுப்பிப்பை முடித்துவிட்டு, அதன் பிறகே கழற்றுங்கள்.