பனியிலும் சுருதி நிற்க: மலையகத்தில் கச்சேரிப் பயணம் போகிறவர்களுக்கு

காலையில் கண்டியில் ஒத்திகை, மாலையில் நுவரெலியாவில் கச்சேரி. தூரம் எண்பது கிலோமீற்றருக்கும் குறைவுதான். ஆனால் கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றரில். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறரைப் பாகை குறையும் என்ற கணக்கில், வண்டி ஏறியதிலிருந்து இறங்குவதற்குள் ஒன்பது பாகை வெப்பம் போய்விடும். அங்கே பெட்டியைத் திறந்தால் வயலின், வீணைத் தந்திகள் குளிரில் சுருங்கிச் சுருதி ஏறியிருக்கும். புல்லாங்குழல் இறங்கிப் பேசும். மிருதங்கத் தோல் மூடுபனியின் ஈரத்தைக் குடித்துத் தளர்ந்திருக்கும். லெப்டொப்பில் இருக்கும் தம்புரா மட்டும் கண்டியில் வைத்த இடத்திலேயே நிற்கும்.

கர்நாடக சங்கீதத்தோடு லூப்பர் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓடவிடும் கருவி), லெப்டொப், பிக்கப் (வாத்தியத்தில் ஒட்டி ஒலியை எடுக்கும் கருவி) என்று சேர்த்துக்கொண்டு மலையேறும் குழுவுக்கு முதல் வேலை கருவி வாங்குவதல்ல. கரண்ட் இல்லாமலே ஒன்றரை மணி நேரம் நடத்தக்கூடிய கச்சேரி ஒன்றை முதலில் தயார் செய்யுங்கள். மின்சாரக் கருவிகளை அதன் மேல் அடுக்குங்கள். தலைகீழாகக் கட்டிய நிகழ்ச்சி ஏதாவதொரு தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், இரண்டாவது உருப்படியிலேயே இருட்டில் உட்கார்ந்துவிடும்.

மழைக்கு இரண்டு பக்கம்

மலையகத்துக்கு ஒரே மழைக்காலம் என்று நினைத்துத் திகதி கொடுக்காதீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை மேற்குச் சரிவில்தான் கொட்டும்: கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், தலவாக்கலை. அதே ஜூலையில் பண்டாரவளை, பதுளைப் பக்கம் காய்ந்து கிடக்கும். டிசம்பரில் வடகீழ் மழை பதுளைப் பக்கத்தை நனைக்கும். ரயிலில் போனால் பட்டிப்பொலைக்கும் ஓஹியாவுக்கும் இடையிலுள்ள சுரங்கத்தின் ஒரு முனையில் மழையும் மறுமுனையில் வெயிலுமாக இதைக் கண்ணால் பார்க்கலாம். ஆகவே ஜூலையில் ஹட்டனும் பண்டாரவளையும் ஒரே பயணத்தில் வந்தால், மிருதங்கம் இரண்டு நாளில் ஈரத்திலிருந்து வறட்சிக்குப் போகிறது. நடுவில் ஒரு நாள் ஓய்வு விடுங்கள். ஓய்வு உங்களுக்கல்ல, தோலுக்கு.

மழை வலுத்த வாரங்களில் புறப்படும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்ப்பது கட்டாயம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 எண்ணையும் ஓட்டுநரின் போனில் போட்டு வையுங்கள். நுவரெலியாவுக்கு றம்பொடை வழி, ஹட்டன் வழி என இரண்டு இருக்கின்றன. ஒன்று அடைபட்டால் மற்றதில் போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை முன்கூட்டியே ஏற்பாட்டாளரிடம் சொல்லிவிடுங்கள்.

வாத்தியங்கள்

வந்திறங்கியதும் பெட்டியைத் திறக்கும் ஆசையை அடக்குங்கள். குளிரில் வந்த வாத்தியத்தையோ லெப்டொப்பையோ ஆட்கள் நிறைந்த சூடான மண்டபத்தில் உடனே திறந்தால் மேலே ஈரம் பூக்கும். மூடிய பெட்டியிலேயே ஒரு மணி நேரம், முடிந்தால் இரண்டு மணி நேரம் மண்டபத்துக்குள் வைத்திருந்து பிறகு திறக்க வேண்டும்.

பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் நூறு கிராம் பொதி இரண்டு, சின்ன ஈரமானி ஒன்று. ஈரப்பதம் 45 முதல் 55 வீதத்துக்குள் நின்றால் போதும். ‘காயட்டும்’ என்று பொதிகளை அள்ளிப் போட்டால் வயலின் பலகை வெடிக்கும். நீல மணிகள் வேண்டாம், செம்மஞ்சள் நிற மணிகளை வாங்குங்கள். நீலத்தில் கோபால்ட் சேர்ந்திருப்பதால் சமையல் சட்டியில் வறுத்துக் காயவைக்கக் கூடாது. செம்மஞ்சளையும் அதற்கென்று ஒதுக்கிய பழைய சட்டியில்தான் மெல்லிய தீயில் காயவைக்க வேண்டும்.

மிருதங்கக்காரர் ‘ஒன்று போதும்’ என்பார். போதாது. தாழ்ந்த சுருதிக்குத் தக்கு ஒன்று, உயர்ந்த சுருதிக்கு ஹெச்சு ஒன்று என இரண்டு வர வேண்டும். ஈரத்தில் தளர்ந்த வலந்தலையை (வலப்பக்கத் தோலை) கல்லால் தட்டி ஏற்றுவதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டி வாரை இழுத்தால் கச்சேரி நடுவே தோல் கிழியும். தொப்பிக்கு (இடப்பக்கத் தோலுக்கு) போடும் ரவைப் பசை மலைக்குளிரில் மெதுவாகத்தான் காயும். சமவெளியில் போடுகிற அளவைப் போட்டால் கும்கி (இடக்கையை அழுத்தி எழுப்பும் நாதம்) குழைந்துவிடும். குறைத்துப் போட்டு, வேண்டுமானால் இடையில் சேர்த்துக்கொள்ளுங்கள். நைலோன் வார், போல்ட் முறுக்கு உள்ள செயற்கை மிருதங்கம் ஈரத்துக்கு அசையாது. நாதம் அவ்வளவு வராது. திறந்தவெளி நிகழ்ச்சிக்கு மட்டும் அதை ஒத்துக்கொள்ளலாம்.

வீணைத் தண்டின் மேலுள்ள மெட்டுகள் மெழுகில் நிற்பவை. மாத்தளைப் பக்க வெயிலில் பூட்டிய வேனுக்குள் விட்டால் மெழுகு இளகி மெட்டு நகரும். மேலே குளிரில் அதே மெழுகு இறுகி, தோட்டத்துப் பாதையின் குலுக்கலில் விரிசல் விடும். டிக்கியில் போடாமல் மடியில், அல்லது இருக்கையில் மெத்தை போட்டு ஏற்றுங்கள். வயலின் முறுக்காணி ஈரத்தில் உப்பிச் சிக்கிக்கொள்ளும். பலம் போட்டுத் திருகினால் ஆணி உடையும். ஆணியை மெல்ல வெளியே இழுத்து, பென்சில் கரி தடவித் திரும்பச் செருக வேண்டும்.

புல்லாங்குழலுக்கு ஒரு கணக்கு. 30 பாகையிலிருந்து 12 பாகைக்கு இறங்கிய காற்றில் ஒலியின் வேகம் குறைவதால், எடுத்த எடுப்பில் குழல் அரைக் கட்டையில் பாதி அளவு தாழ்ந்து பேசும். மூச்சுச் சூடு ஏறியதும் பெரும்பகுதி மீளும். ஆகவே ஐந்து நிமிடம் ஊதிய பிறகே தம்புராவோடு சேருங்கள். அப்போதும் சேராவிட்டால் தம்புராவைத்தான் குழலுக்கு இறக்க வேண்டும். ‘சென்ட்’ கணக்கில் (அரைக் கட்டைக்கு நூறு சென்ட்) நுணுக்கமாக நகர்த்தக்கூடிய தம்புரா செயலி தேவைப்படுவது இதற்காகத்தான். முன்பதிவான இசைத் தடங்கள் இருந்தால் அவற்றையும் அதே அளவு இறக்குங்கள். பலர் தம்புராவை மட்டும் இறக்கிவிட்டுத் தடத்தை மறந்துவிடுவார்கள்.

கரண்ட்

இலங்கையில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். புதிய கட்டடங்களில் சதுர முள் 13 அம்பியர் பிளக். பழைய கோயில் மண்டபங்களில் வட்ட முள் 5 அம்பியரும் 15 அம்பியரும் கலந்திருக்கும். மூன்றுக்கும் மாற்றி கொண்டுபோங்கள். 5 அம்பியர் பொயின்டில் மொத்தமே 1,150 வொட்தான். திருவிழா சோடனை லைட்டும் ஒலிபெருக்கியும் அதே வயரில் தொங்கினால் பியூஸ் போகும், போகாவிட்டாலும் இரைச்சல் வரும். சோடனைக்கு வேறு வயர், சவுண்டுக்கு வேறு வயர் என்று காலையிலேயே மின்சாரம் பார்ப்பவரிடம் கேட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மல்டிமீற்றர் ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். மாலை ஆறரைக்கு லயங்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) எல்லா வீட்டிலும் கரண்ட் எடுக்கத் தொடங்கியதும், லைனின் கடைசியிலுள்ள மண்டபத்தில் வோல்ட் சரியும். பகல் இரண்டு மணிக்கு அளந்து திருப்திப்படாமல் மாலையிலும் அளவுங்கள். லெப்டொப் சார்ஜர் 100 முதல் 240 வரை தாங்கும். உள்ளே கனமான டிரான்ஸ்போமர் உள்ள பழைய மிக்சர் தாங்காது. கரண்ட் போனாலும் சிறிது நேரம் தாங்கும் 600 வீ.ஏ. யூ.பி.எஸ். ஒன்றில் மிக்சர், ஒலியை லெப்டொப்புக்குள் கொண்டுபோகும் இன்டர்பேஸ், லெப்டொப் மூன்றும் நிற்கும். அம்ப்ளிபயரை அதில் செருகாதீர்கள். செருகினால் கரண்ட் போகும்போது எல்லாமே சேர்ந்து போகும்.

ஹம் சத்தம் வந்தால் சிலர் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டிவிடுவார்கள். வெறுங்காலோடு ஈரச் சீமெந்தில் உட்கார்ந்து மைக்கில் வாய் வைத்துப் பாடுகிறவரின் உயிரோடு விளையாடும் வேலை இது. எர்த்தை அப்படியே விட்டு, வாத்தியத்தை மிக்சரோடு இணைக்கும் டீ.ஐ. பொக்ஸில் உள்ள ‘கிரவுண்ட் லிப்ட்’ பொத்தானை அழுத்துங்கள். லெப்டொப்பை பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே ஹம் நின்றுவிடும். மண்டபத்தில் டிரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் 30 மில்லி அம்பியருக்கு விழும் செருகுவகை டிரிப் சுவிட்ச் ஒன்றை உங்களுடையதாகவே வைத்திருங்கள்.

பிக்கப், தாமதம், லூப்

வீணையிலும் வயலினிலும் ஒட்டும் பீசோ பிக்கப் ஒரு மெகாஓம் அளவு உள்ளீட்டைக் கேட்கும். மிக்சரின் சாதாரண லைன் துளையில் நேரே செருகினால் கீழ்ச் சுரம் எல்லாம் செத்து, தகரம் தட்டினாற்போல் கேட்கும். நடுவில் பிரீஆம்ப் அல்லது அந்த அளவுள்ள டீ.ஐ. வேண்டும். பாட்டுக்குக் கொண்டென்சர் மைக்கை மூடிய மண்டபத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். மூடுபனி நுழையும் திறந்த மண்டபத்தில் அது ஈரத்தில் பொரியும், அங்கே டைனமிக் மைக்தான்.

லெப்டொப் வழியாக ஒலி போய்வரும் தாமதம் கவனிக்கப்படாமல் கச்சேரியைக் கெடுக்கும். 48 கிலோஹேர்ட்ஸில் பஃபர் (லெப்டொப் ஒரு தடவையில் எடுக்கும் ஒலித்துண்டு) 128 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கு 2.7 மில்லி செக்கன். போய்வந்து, மற்றச் செலவையும் சேர்த்தால் பத்துக்குள் நிற்கும். பத்து மில்லி செக்கன் என்பது மூன்றரை மீற்றர் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் ஒலியைக் கேட்பது போன்றது. வாசிக்கலாம். 512க்குக் கூட்டினால் இருபத்தைந்தை நெருங்கும். அப்போது மிருதங்கக்காரரின் கை தன்னையறியாமல் இழுக்கத் தொடங்கும். அவர் மொனிட்டரில் கேட்பது லெப்டொப் வழியாக வராமல் மிக்சரிலிருந்து நேரே வரட்டும்.

லூப்பரில் ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம் (எட்டு அட்சரச் சுற்று), நிமிடத்துக்கு 80 அட்சரம் என்றால் சரியாக 6 செக்கன். கால் 50 மில்லி செக்கன் பிந்தி மிதித்தால் அந்தப் பிழை லூப்புக்குள் பதிந்துவிடும். பக்கத்தில் கிளிக்கோ பதிவுத் தடமோ ஓடிக்கொண்டிருந்தால் இருபது ஆவர்த்தனத்தில் ஒரு செக்கன் விலகும், அட்சரமே 0.75 செக்கன்தான். எடுப்பு (பாட்டுத் தொடங்கும் இடம்) அரை அட்சரம் தள்ளி இருந்தாலும் மிதிப்பது சமத்தில் (தாளம் தொடங்கும் இடத்தில்) இருக்கட்டும். மிஸ்ர சாபுக்கு ஏழு, கண்ட சாபுக்கு ஐந்து என்று கருவியில் முன்பே அமைத்துவிடுங்கள். பெரும்பாலான லூப்பர்கள் நாலில் திறக்கும். மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் லூப் எல்லாம் அணைய வேண்டும். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

சின்தசைசரில் மெல்லிய கோர்ட் பிடித்துக் கீழே ஓடவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஸவும் பவும் மட்டும் பிடித்தால் பாதகமில்லை. கல்யாணியில் காந்தாரத்தையும் சேர்த்துப் பிடித்தால் கீபோர்டின் காந்தாரம் 400 சென்டில் நிற்கும், பாடகர் தம்புராவில் கேட்டுப் பாடும் அந்தர காந்தாரம் 386இல் நிற்கும். அந்தப் பதினாலு சென்ட் உராய்வைப் பாடகர் தன் தொண்டையின் குறையென்று நினைத்துத் திணறுவார். சுருதியைத் திருத்தும் மென்பொருளை முற்றாக அணையுங்கள். அது கமகத்தை (சுரத்தை அசைத்து இழைப்பதை) படிக்கட்டாக்கும்.

கச்சேரிக்குப் போகும் இரண்டு போன்களிலும் தம்புரா செயலி இணையமில்லாமல் திறக்கிறதா என்று வீட்டில் ‘ஏரோப்ளேன் மோட்’டில் வைத்துச் சோதியுங்கள். மலை முகட்டுக்கு அந்தப் பக்கம் சிக்னல் இருக்காது. உரிமம் கேட்டு நிற்கும் மென்பொருளும் திறக்காது.

தகரக் கூரையும் தப்பும்

தகரக் கூரையில் மழை விழுந்தால் ஒலியைக் கூட்டிப் போராட வேண்டாம். கூட்டினால் ஊளைதான் வரும். ஆலாபனையை நிறுத்தி, தனி ஆவர்த்தனத்தையோ விறுவிறுப்பான உருப்படியையோ அங்கே நகர்த்துங்கள். மழை விட்டதும் ராகத்துக்குத் திரும்பலாம். உருப்படிப் பட்டியலை இப்படி மாற்றக்கூடியதாகவே எழுதி வாருங்கள். முன்பதிவுத் தடத்தில் கட்டிய நிகழ்ச்சிக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது.

மாசியில் போனால் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்துக் குழுக்களோடு சேர்ந்து வாசிக்கும் வாய்ப்புக் கிடைக்கலாம். அவர்களுடைய தப்பு, நெருப்பில் காய்ச்சிச் சுருதி ஏற்றப்படும் தோல் வாத்தியம். பனி இறங்கினால் இருபது முப்பது நிமிடத்தில் மறுபடி காய்ச்ச வேண்டியிருக்கலாம். நிகழ்ச்சியில் அதற்கு இடைவெளி விட்டு, நெருப்பு மூட்டும் இடத்தைக் கேபிளுக்கு எட்டத்தில் குறித்துக் கொடுங்கள். தப்புக்கு மைக் தேவையில்லை. வயலின் மைக்கிலிருந்து நாலு மீற்றராவது தள்ளி நிறுத்தாவிட்டால் எல்லா மைக்கிலும் தப்புத்தான் இருக்கும். அவர்கள் அடியைச் சாம்பிள் எடுத்து லெப்டொப்பில் பயன்படுத்த விரும்பினால் முன்பே கேட்டு, குழுவுக்குப் பணம் கொடுத்து, பெயரையும் மேடையில் சொல்ல வேண்டும்.

ஒலிபெருக்கி அனுமதியை ஏற்பாட்டாளர் பொலிஸில் எடுத்த கடிதத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். 2007இல் உயர் நீதிமன்றம் இட்ட கட்டளைக்குப் பிறகு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவாக அனுமதி இல்லை. தோட்டத்தில் அதற்கு முன்பே, ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். விடிந்தால் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைக் கூட்டத்துக்கு) போக வேண்டியவர்கள்தான் முன்வரிசையில் இருப்பார்கள்.

முடிந்த பிறகு

தொப்பிப் பசையை அன்றிரவே ஈரத்துணியால் சுத்தமாக எடுத்துவிடுங்கள். விட்டால் புளித்துத் தோலை அரிக்கும். நனைந்த கேபிளை இறுக்கிச் சுற்றாமல் தளர்வாகப் போட்டு, முனைகளைக் கீழ்நோக்கி வையுங்கள். தங்குமிடத்தில் குளிருக்கு ஹீட்டர் போட்டால் வாத்தியம் அதன் எதிரே இருக்கக் கூடாது. காலையில் வெயில் வந்ததும் வெறும் பெட்டிகளை அரை மணி நேரம் திறந்து காயவைத்து, பச்சை நிறமாகிவிட்ட சிலிக்கா பொதிகளை மாற்றி, பிறகுதான் வேனில் ஏற்ற வேண்டும்.